முகமும் குணமும்

எங்கள் எழுத்தறிவு மையத்துக்கு ஒரு புது அக்கா வந்தார். வாசல் ஓரமாக உட்கார்ந்தார்.

"இவர் சீட்டுப் பணத்தை ஏமாற்றியவராம்." ஒருவர் காதில் சொன்னார். பேச்சு வரிசை முழுக்கப் போனது. யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. சொல்லித் தரும் எனக்கும் அந்த முகம் கள்ள முகமாகத் தெரிந்தது.

முகம் மாறவில்லை. பிறகு எது மாறியது?

மூளையில் நடப்பது என்ன?

முகங்களை அடையாளம் காண நம் மூளையின் அடிப்பக்கத்தில் தனி இடம் உண்டு. ஆனால் முகம் மட்டும் தனியே பதிவதில்லை. அவரைப் பற்றி நாம் அறிந்ததும் கூடவே பதிகிறது.

2004-இல் லண்டன் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். சிலரைப் பணம் வைத்து விளையாடச் செய்தார்கள். எதிரில் ஆடியவர்களில் சிலர் நேர்மையாக நடந்தார்கள். சிலர் தம் லாபத்தையே பார்த்தார்கள். பிறகு அந்த முகங்களைப் படமாகக் காட்டி, "ஆணா, பெண்ணா?" என்று மட்டும் கேட்டார்கள். குணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆனாலும் நேர்மையானவரின் முகத்தைக் கண்டதும் மூளையின் சில பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. ஸ்கேன் கருவி இதைக் காட்டியது.

கேள்விப்பட்டது போதுமா?

2005-இல் நியூயார்க்கில் இன்னொரு சோதனை. மூன்று பேரைப் பற்றிய குறிப்புகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒருவர் நல்லவர். ஒருவர் கெட்டவர். ஒருவர் சாதாரணமானவர். பிறகு அவர்களை நம்பிப் பணம் கொடுக்கும் விளையாட்டு. மூவருமே பாதித் தடவை பணத்தில் பங்கு தந்தார்கள். பாதித் தடவை தரவில்லை. ஆனாலும் 'நல்லவர்' என்று படித்தவரிடமே அதிகம் கொடுத்தார்கள்.

அனுபவத்தில் கற்றுக்கொள்ள உதவும் மூளைப் பகுதி ஒன்று உண்டு. சாதாரணமானவருடன் ஆடியபோது அது நன்றாக வேலை செய்தது. 'நல்லவர்' என்றதும் மந்தமாகி விட்டது.

பார்த்தீர்களா? முன்பே கேட்ட பேச்சு, கண்முன் நடப்பதை மறைத்து விடுகிறது.

அந்த அக்கா ஐந்தாம் நாள் வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தேன்.

"நானும் சீட்டுக் கட்டி ஏமாந்தவள்தான், தம்பி. கணக்கு எழுதத் தெரிந்தால் ஏமாற மாட்டேன் என்றுதான் படிக்க வந்தேன்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் அவரைக் கையோடு அழைத்து வந்தேன். நடந்ததை எல்லோரிடமும் சொன்னேன். முதலில் காதில் சொன்னவரே நகர்ந்து இடம் கொடுத்தார்.

தீர விசாரிப்பதே மெய்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. நியூயார்க் சோதனையில் மூவரும் ஒரே மாதிரி நடந்தும் ஒருவரை மட்டும் ஏன் அதிகம் நம்பினார்கள்?
2. பிறர் பேச்சைக் கேட்டு நீங்கள் யாரையாவது ஒதுக்கியது உண்டா?
3. எழுதிப் பழகுங்கள்: முகம், குணம், மூளை, விசாரணை.