தை மாதப் பூக்கள்: எதற்குத் தண்ணீர், எதற்கு வேண்டாம்

பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு என்று அடுத்தடுத்து விழாக்கள் வரும் வாரங்கள் இவை. ஜூரோங் வீடுகளுக்குள் சரமும் மாலையும் கொத்துமாகப் பூ வந்துகொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி பெரும்பாலும் ஜனவரியோடு ஓய்ந்துவிடும். பிப்ரவரியில் காற்று காய்ந்து வீசும். ஆக, பொங்கல் பூ அழுகும், புத்தாண்டுப் பூ வாடும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செல்லாது.

முதலில் மல்லிகை. குளிர்காலத்தில் மதுரை, திண்டுக்கல் பக்கம் விளைச்சல் சரிந்துவிடும். பங்குனிக்கு மேல்தான் செடி கொட்டிக் கொடுக்கும். விமானத்தில் வந்திறங்கும் பூவுக்கும் இப்போது விலை ஏறுவது அதனால்தான், கடைக்காரரிடம் கோபித்துப் பயனில்லை. தேக்காவில் வாங்கும்போது மொட்டைப் பாருங்கள். காம்பு பச்சையாக, முனை இறுக மூடியிருக்க வேண்டும். பாதி விரிந்த சரம் கடையில் கமகமக்கும். ஜூரோங் வந்து சேர்வதற்குள் முழுக்க மலர்ந்து, மறுநாள் காலைப் பூசைக்கு உதிரும். இதழோரம் பழுப்பேறிய சரம் வேண்டவே வேண்டாம். ரயிலில் வரும்போது பிளாஸ்டிக் பையை முடிச்சுப் போடாமல் வாயைத் திறந்து வையுங்கள். உள்ளே வியர்த்த பூ வீடு வருமுன்பே வெந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பூவைக் கழுவாதீர்கள். நல்லெண்ணத்தில் தெளிக்கும் தண்ணீர்தான் மல்லிகைக்கு எமன். துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, அதில் சரத்தைத் தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வாழையிலை கிடைத்தால் துணியைவிட நல்லது. மீன்குழம்புக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆர்க்கிட் இதற்கு நேர் எதிர். வெப்பமண்டலப் பூ, 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இதழ் நீர்கோத்துக் கறுத்துவிடும். அதனால் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். பழமும் அதற்கு ஆகாது. கனியும் வாழைப்பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் மொட்டு மஞ்சளாகி உதிரும். பொங்கலுக்கு வாங்கிய வாழைச் சீப்பை ஒரு மூலையிலும் ஆர்க்கிட் ஜாடியை வேறு மூலையிலும் வையுங்கள். செவ்வந்தி இந்த வாயுவைப் பெரிதாகச் சட்டை செய்யாது.

ஜாடிப் பூக்களுக்கெல்லாம் பொதுவான வேலை இது. கூரான கத்தியால் காம்பைச் சாய்வாக வெட்டி உடனே தண்ணீரில் வையுங்கள். நீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிடுங்கள்; அவைதான் முதலில் அழுகும். கடையில் தரும் பூ உரப் பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, வெளுப்புக் கரைசல் இரண்டு மூன்று சொட்டு. சர்க்கரை மட்டும் போட்டால் பூவைவிடக் கிருமிதான் கொழுக்கும்.

இனி, யாருக்கு எதைக் கொடுப்பது. நம் சாமிக்கு மஞ்சள் செவ்வந்தி இல்லாமல் மாலை இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கு அதையே கொத்தாக நீட்டாதீர்கள், வெள்ளைச் செவ்வந்தி அறவே வேண்டாம். அவர்கள் வழக்கத்தில் அது துக்க வீட்டுக்கும் கல்லறைக்கும் போகும் பூ. சிவப்பு நாடா கட்டிய மஞ்சள் செவ்வந்தித் தொட்டி மட்டும் விதிவிலக்கு. புத்தாண்டுக்கு அது நீண்ட ஆயுளைக் குறிக்கும். எண்ணிக்கையில் நான்கைத் தவிர்த்துவிடுங்கள்.

அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும் புஸ்ஸி வில்லோ குச்சிகளைக் கவனித்திருப்பீர்கள், வெள்ளி நிறப் பஞ்சு மொட்டுகளோடு. செல்வம் சேரும் என்று வைப்பது. கொங்கு நாட்டில் போகியன்று வீட்டு முகப்பில் காப்புக் கட்டும் பூளைப்பூவும் கிட்டத்தட்ட இதே பஞ்சுதான். ஒன்றை ஒன்று அறியாத இரண்டு ஊர்க்காரர்கள் புதிய காலத்தை வரவேற்க ஒரே மாதிரிப் பூவைப் பிடித்திருப்பது எனக்குத் தீராத வியப்பு. இரண்டுக்குமே தண்ணீர் தேவையில்லை. வில்லோவை உலர்ந்த ஜாடியில் வைத்தால் பஞ்சு அப்படியே நிற்கும்; தண்ணீரில் வைத்தால் துளிர்த்து இலை விடும். துளிர்ப்பதையே அதிர்ஷ்டமாக நினைக்கும் குடும்பங்களும் உண்டு.

புத்தாண்டுக்கு லில்லி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு. பூனை இருக்கும் வீட்டுக்குள் லில்லி வரவே கூடாது. உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலும் அதன் சிறுநீரகம் கெட்டுப்போகும். முருகனுக்குச் சாத்தும் செவ்வரளியும் நஞ்சுதான்; தொடுத்த பின் கையைக் கழுவுங்கள், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கடைசியாக, கொசு. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணயம் அளவு நீர் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம்தான் ஆகும். ஜாடித் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றச் சொல்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். ஊற்றிவிட்டு நிரப்பினால் மட்டும் போதாது. உட்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள், வழுக்கும். கொசு முட்டையும் அந்தச் சுவரில்தான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக் கணக்கில் சாகாது. தேய்த்துக் கழுவுங்கள். விடுமுறைக்கு ஊருக்கோ மலேசியாவுக்கோ கிளம்புகிறவர்கள், பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துப் போட்டு, ஜாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.