அயலார் அயலவராதல்: ஜேர்மன் மொழி கற்றல் குறித்து ஒரு பாடம்

‘அயல்’ என்னுஞ் சொல் தமிழிலே இருபொருள் தந்து நிற்பது. அயல்நாடு என்னுமிடத்து அது நமக்கு உரித்தல்லாத தூரத்து நாட்டைக் குறிக்கும். அயல்வீடு என்னுமிடத்து வேலிக்கு அப்பால் நிற்கும் அண்மை வீட்டைக் குறிக்கும். பிறநாட்டிற் குடிபுகுவோர் முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு நடந்துசெல்ல வேண்டியவராவர். அந்நடைக்குப் பாதையாய் அமைவது மொழி என்பதே எமது கருத்து. எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் 1983ஆம் ஆண்டின் பின் ஜேர்மனி சென்று குடியேறினர். மேற்படிப்பும் தொழிலும் நாடி அங்குச் செல்லக் கருதுவோர் இன்றும் மேல்வகுப்புகளில் உளர். அவ்விரு சாராரையும் மனத்திற்கொண்டு, அந்நாட்டில் வாழ்ந்தும் கற்றும் யாம் கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண், எதிர்த்திசையில் வந்த ஒருவரை நினைவுகூர்தல் தகும். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீகன்பால்கு என்னும் ஜேர்மானியப் பாதிரியார் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழெழுத்து ஒன்றேனும் அறியாத அவ்விளைஞர், பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். பத்தாண்டுகள் கழிய, 1716இல், அவர் இலத்தீனில் எழுதிய தமிழிலக்கணம் ஜேர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. அவர் வந்த நோக்கத்தை இங்கு ஆராய வேண்டுவதில்லை. கற்றறிந்த ஒருவர் சிறுவரோடு மணலில் அமர நாணவில்லை என்பதே நாம் கொள்ளற்பாலது. பிறமொழி கற்கத் தொடங்குவோர் யாவரும் மீண்டும் அரிவரி வகுப்பில் அமர்கின்றனர். அதற்கு நாணுவோர் அம்மொழியை என்றும் கற்பதிலர்.

ஜேர்மன் மொழி கடினமானது என அஞ்சுவோர் பலர். ஆயின் தமிழிலக்கணம் பயின்ற மாணவனுக்கு அம்மொழியின் பாதி வாசல் முன்னரே திறந்துள்ளது. நமக்கு வேற்றுமை எட்டு, அவர்க்கு நான்கு. அவை நமது முதலாம், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகளோடு பெரும்பாலும் ஒப்பன. ‘மனிதன், மனிதனை, மனிதனுக்கு, மனிதனது’ என நாம் கூறுவனவற்றை அவர் ‘டெர் மன், டென் மன், டெம் மன், டெஸ் மன்னெஸ்’ என்பர். நமது மொழியில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டும். அவர் மொழியிலோ பெயரின் முன் நிற்கும் சிறுசொல்லே பெரும்பாலும் திரிந்து வேற்றுமை காட்டும். இவ்வளவே வேறுபாடு. ஆங்கிலத்தின் வழியாக மட்டும் இதனைக் கற்கப் புகுந்தோர் இடர்ப்படுவதையும், பள்ளியில் வேற்றுமை உருபுகளை மனனஞ் செய்தோர் எளிதிற் கடந்துசெல்வதையும் யாம் கண்டுள்ளோம்.

வினைச்சொல்லின் இடமும் அத்தகையதே. நாம் வாக்கியத்தின் இறுதியில் வினையை வைத்து முடிப்போம். ஜேர்மன் தனிவாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்பினும், ‘ஏனெனில்’ போன்ற சொல்லாற் தொடங்கும் சார்பு வாக்கியத்தில் அது கடைசிக்குச் சென்றுவிடும். ‘வைல் இஹ் கிராங் பின்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் வைப்பின் ‘ஏனெனில் நான் நோயாளியாக இருக்கின்றேன்’ என்றாகும். அன்றியும் சில வினைகள் இரண்டாகப் பிரிந்து, முற்பகுதி கடைசிக்குச் செல்லும். ‘இஹ் ரூஃபெ ஸீ மோர்கன் அன்’ என்பது ‘நாளை உங்களைத் தொலைபேசியில் அழைப்பேன்’ எனப் பொருள்படும். இறுதியில் நிற்கும் ‘அன்’ என்னும் ஓரசை காதில் விழுந்த பின்னரே பொருள் முற்றுப்பெறும். ஆதலின் பிறர் பேசி முடிக்குமட்டும் பொறுத்துக் கேட்டல் அம்மொழியில் இலக்கண நியமமும் ஆகின்றது.

இனி, இடர்ப்பாடுகளைக் கூறுவோம். நமது மொழியிற் பால் பொருளைப் பற்றியது. அவர் மொழியிற் பால் சொல்லைப் பற்றியது. ஞாயிறு அங்குப் பெண்பால், திங்கள் ஆண்பால், சிறுமியைக் குறிக்குஞ் சொல்லோ இரண்டும் அல்லாத மூன்றாம் பால். இதற்குக் காரணம் வினவிக் காலங்கழித்தலாற் பயனில்லை. டெர், டீ, டாஸ் என்னும் மூன்றனுள் உரியதனைப் பெயரோடு சேர்த்தே மனனஞ் செய்தல் வேண்டும். பெயரைத் தனியே கற்றவன் பின்னர் இருமுறை கற்க நேரும்.

எண்ணும் நேரமும் வேறு பொறிகளாகும். 21 என்பதை அவர் ‘ஒன்றும் இருபதும்’ என வாசிப்பர். தொலைபேசி எண்ணைக் கேட்டெழுதும் புதியவன் இலக்கங்களை இடம்மாற்றி எழுதுதல் வழக்கம். யாம் அங்குச் சென்ற முதலாண்டில், அயல்வீட்டு முதியவர் ஒருவர் இரவுணவுக்கு ‘ஹல்ப் அஹ்ட்’ மணிக்கு வருமாறு அழைத்தார். ‘அரை எட்டு’ என்னும் அத்தொடரை எட்டரை எனக்கொண்டு அந்நேரத்திற் சென்றோம். அது ஏழரையைக் குறிக்கும். எட்டை நோக்கிய அரை என்பது கருத்து. உணவு ஆறியிருந்தது, முதியவரின் முகமும் அவ்வாறே. எமது பிழையைத் திக்கித் திக்கி அவர் மொழியிலேயே விளக்கியபோது அவர் நகைத்து, உணவை மீண்டும் சூடாக்கினார். அன்றிரவு யாம் அறிந்தது ஒன்று: பிழையின்றிப் பேசுவோனை அன்று, பிழையோடேனும் பேச முயல்வோனையே அயலவர் ஏற்றுக்கொள்கின்றனர்.

விளிக்கும் முறையிலும் கருத்து வேண்டும். நமக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உள. அவர்க்கு ‘டூ’, ‘ஸீ’ என இரண்டே. அறிமுகமில்லாப் பெரியோரை ‘ஸீ’ என்றே விளித்தல் வேண்டும். ‘டூ’ எனப் பேசலாம் என்னும் உரிமையை மூத்தவரே முதலில் வழங்குவர். ஒழுங்குகளும் சில உள. குடிபுகுந்த இரண்டு வாரத்துள் முகவரியைப் பதிவுசெய்தல், இரவு பத்து மணிக்குப் பின் ஓசை அடக்குதல், பெரும்பாலான கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடப்படுமாதலின் சனிக்கிழமையே வேண்டுவன வாங்கிவைத்தல் என்பன அவற்றுட் சில.

இனி யாம் கூறப்போவது இக்கட்டுரையின் உயிர்நிலை. முன்னர்ச் சென்ற எம்மவருட் பலர் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் இரவுபகலாய் உழைத்தமையால் மொழி கற்க நேரமின்றி இருந்தனர். பிள்ளைகளோ பள்ளி சென்று ஓரிரு ஆண்டில் அம்மொழியிற் தேறினர். அதன்பின் அரசாங்கக் கடிதம் வரினும், ஆசிரியரைக் காணச் செல்லினும், பிள்ளையே மொழிபெயர்ப்பாளராயிற்று. வைத்தியர் கூறிய நோயின் பெயரைத் தந்தைக்கு எவ்வாறு எடுத்துரைப்பது என்றறியாது, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தலைகுனிந்து நின்றதை யாம் கண்டோம். தந்தை “என்னம்மா சொல்லுறார்?” எனக் கேட்டார். அவள், “ஒண்டுமில்லை அப்பா, குளிசை போடட்டாம்” என்றாள். அவர் அறியவேண்டியது அதனினும் பெரிது. தந்தை சுமக்கவேண்டிய பாரம் மகளின் தோளில் ஏறியது; மகளுக்கு வழிகாட்டவேண்டியவர் அவள் வழிகாட்டலுக்குக் காத்து நின்றார். மொழி கல்லாமையால் வருங் கேடுகளுள் இதனின் மிக்கது பிறிதில்லை.

இக்காலத்துச் செல்வோர்க்கு வாய்ப்புகள் மிகுதி. கொழும்பிலுள்ள கேத்தே நிலையத்தில் இங்கிருந்தே கற்கலாம். வாழ்க்கைத்துணையோடு சேர்ந்து வாழச் செல்வோர் ஏ 1 என்னும் முதற்படித் தேர்ச்சியைப் பொதுவாகக் காட்டல் வேண்டும் என்னும் விதி 2007இல் வந்தது. 2005இல் அந்நாட்டரசு குடியேறியோர்க்கான ஒருங்கிணைப்புப் பாடநெறியைத் தொடங்கியது. அதன் பொதுநெறி இப்பொழுது 600 பாடவேளை மொழிக்கும், 100 பாடவேளை சட்டம், வரலாறு, வாழ்வுமுறை என்பவற்றுக்கும் அமைந்துள்ளது. அதன் இலக்காகிய பி 1 தேர்ச்சி, குடியுரிமை கோருவோரிடமும் பொதுவாக எதிர்பார்க்கப்படுவதாகும்.

மொழி கற்றால் எல்லாக் கதவும் திறக்கும் எனக் கூறோம். முகத்தின் நிறங்கண்டு மூடுங் கதவுகளும் உள. இங்குப் பெற்ற சான்றிதழை ஏற்பிக்க நெடுங்காலம் அலைவோரும் உளர். ஆயினும் மொழியறிந்தவன் மூடிய கதவின் முன் நின்று ஏனென்று வினவ வல்லன். அறியாதவன் வாளா திரும்புவன்.

அயல்மொழி கற்றோர் தம்மொழியையும் சமயத்தையும் இழப்பர் என அஞ்சவும் வேண்டுவதில்லை. ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர் ஜேர்மன் வீதியில் ஓடுகின்றது. அம்பாள் அங்குள்ள கால்வாயிலே தீர்த்தமாடுகின்றாள். தேர் காண வரும் அவ்வூரவர் ‘இது யாது?’ என வினவுவர். அவ்வினாவுக்கு அவர் மொழியிலே விடைகூற வல்லவர் ஒருவர் அங்கு நிற்பாராயின், அவர் அக்கணமே அயலாராதல் ஒழிந்து அயலவராகின்றார். எமது மாணவர் புறப்படுமுன் பழைய இலக்கணப் புத்தகத்தை ஒருமுறை விரித்து வேற்றுமையியலைப் படித்துச் செல்வாராக. எமது ஆசிரியர்கள் அன்று கற்பித்தது தூரதேசத்திலும் துணைநிற்கும்.