திரும்பக் கேட்டால் பிழை

ரத்தோட்டைப் பக்கம், தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 1 வகுப்பு கிடைத்த புதிது. ஆசிரியர் கலாசாலையில் படித்த, உளவியலாளர் பியாஜேயின் கருத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆசை அடங்கவில்லை. காய்ந்த கொக்கோ விதைகளை மேசையில் இரண்டு வரிசையாக அடுக்கினேன், வரிசைக்கு ஏழு.

"ரெண்டும் சமமா?"

"சமம் சேர்."

ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பினேன். "இப்ப?"

பையன் விதையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். "இது கூட சேர்."

ஏழு வயதுக்கு முன் பிள்ளைக்கு நீளமாகத் தெரிவதுதான் கூடுதல் என்பது பியாஜேயின் முடிவு. அப்படியே பலித்துவிட்டது! 'எண் எண்ணக்கரு விருத்தியடையவில்லை' என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, இடைவேளையில் அதே பையன் ரப்பர் கொட்டை பங்கு பிரித்துக்கொண்டிருந்தான். கூட்டாளி தன் பங்கைப் பரப்பிக் காட்டி ஏமாற்றப் பார்க்க, இவன் கத்தினான்: "பரப்பி வச்சா கூடிருமாடா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டேன். "நீங்க திரும்பக் கேட்டீங்களே சேர். அப்ப மொதல்ல சொன்னது பிழைதானே?"

நம் வகுப்பறைகளில் அதுதானே சட்டம்? சரியான விடையை யார் இரண்டாம் முறை கேட்கிறோம்! 1974இல் சூசன் ரோஸ், மரியன் பிளாங்க் என்ற இரு ஆய்வாளர்கள், பரப்பிய பிறகு ஒரே தடவை மட்டும் கேட்டால் ஆறு வயதுப் பிள்ளைகள் விடும் பிழை குறைகிறது என்று காட்டியதைப் பிறகுதான் வாசித்தேன். பியாஜே வேண்டாம் என்று சொல்லவில்லை. விதையைக் கையில் கொடுக்காமல் எண்ணைக் கரும்பலகையில் எழுதுவதால் பயனில்லை என்பதை அவரிடம்தான் கற்றேன். பிள்ளைக்குத் தெரியாது என்று எழுதுமுன் நாம் கேட்ட விதத்தையும் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்த இன்னொரு உளவியலாளர் வைகொட்ஸ்கி. இன்று துணையோடு செய்வதைப் பிள்ளை நாளை தனியாகச் செய்யும் என்றவர். தரம் 3இல் 42இலிருந்து 17ஐக் கழிக்க, "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நான் தொண்டை வறளச் சொல்லியும் ஏறாத ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தவள் பத்து ஈர்க்குக் கட்டு ஒன்றைத் தள்ளி, "கட்ட அவிழுடி" என்றாள். முடிந்தது. அதற்குப் பிறகு இருக்கை ஒழுங்கை நான் உயரம் பார்த்துப் போடுவதில்லை.

பெற்றோர் கொப்பியில் பக்கத்தை எண்ணுவார்கள், புலமைப்பரிசில் பற்றிக் கேட்பார்கள். அது இருக்கட்டும். புதிதாக வகுப்புக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: பிள்ளை சரியாகச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். முதல் சில வாரம் பயந்து விடையை மாற்றத்தான் செய்வார்கள். விடாமல் கேளுங்கள்.