ஒரு சிட்டிகை உப்பும் ஓர் ஐயமும்

'டேக் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்ற ஆங்கில மரபுத்தொடரை நடத்தும்போது, பொருளை உடனே சொல்லிவிடாமல் மாணவர்களை ஊகிக்கச் சொல்லிப் பாருங்கள். வாலிநோக்கம், மாரியூர் உப்பளங்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு உப்பு புதிதல்ல. ஆனால் தமிழில் உப்பு என்றால் நன்றி ('உப்பிட்டவரை உள்ளளவும் நினை'), ரோஷம் ('உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய்?'), மதிப்பு ('உப்புப் பெறாத விஷயம்'). சந்தேகம் என்ற பொருள் நம் உப்பில் இல்லை. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் மாணவர் தடுமாறுவது இங்கேதான்.

தொடரின் வேரைப் பொதுவாக உரோமானியர் மூத்த பிளினியின் 'இயற்கை வரலாறு' நூலில் காட்டுவர். மித்ரிடேட்டஸ் என்ற மன்னரின் நஞ்சுமுறி மருந்து அதில் வருகிறது: உலர்ந்த வால்நட் 2, அத்திப்பழம் 2, அருவதா இலை 20, இவற்றோடு ஒரு கல் உப்பு. இடித்து வெறும் வயிற்றில் உண்டால் அன்று முழுவதும் நஞ்சு ஏறாதாம்! அங்கே உப்பு வெறும் உப்புதான். ஐயப் பொருள் பிற்காலத்தில் ஏறியது. ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்குகிறது. அமெரிக்கர் 'பின்ச்' என்பதற்குப் பதில் 'கிரெய்ன்' என்பர்.

பொருளை 'நம்பாதே' என்று ஒரே சொல்லில் கரும்பலகையில் எழுதிவிடுவது எளிது. ஆனால் அது பிழை. சோற்றைக் கொட்டிவிடு என்று இத்தொடர் சொல்லவில்லை, உப்புச் சேர்த்து உண் என்கிறது. கேட்டதை அப்படியே விழுங்காமல், சிறிது ஐயத்தோடு ஏற்பது. 'டேக்' என்ற வினைக்குப் பின் ஆள் வருவதில்லை, அவர் சொன்ன செய்திதான் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் கடற்கரையில் இந்த வேறுபாடு உயிர் சார்ந்தது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலும் அலையில் மூழ்கியது. 'இன்றிரவு சுனாமி' என்று தேதியோ பெயரோ இல்லாமல் வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு ஒரு சிட்டிகை உப்பு தேவை. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு அது தேவையில்லை. எதையும் நம்பாதே என்று படித்த பிள்ளை இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும்.

பயிற்சிக்கு நான்கு செய்திகள் தரலாம்: ஒரே வாரத்தில் ஆங்கிலம் சரளமாகும் என்னும் விளம்பரம், மாமா வலையில் ஆள் உயர இறால் சிக்கிய கதை, பாம்பனில் கூண்டு ஏற்றிய அறிவிப்பு, காற்று திரும்பிவிட்டது, நாளை கடல் கொந்தளிக்கும் என்று தாத்தா சொல்வது. முதல் மூன்றையும் மாணவர்கள் எளிதில் பிரித்துவிடுவார்கள். நான்காவதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடும். அந்த வாதத்தை ஆங்கிலத்திலேயே நடத்த விடுங்கள்.