மாஸ்க்கில் தண்ணி சொட்டுதா? மெஷினைப் பரணில் போடாதீங்க



போன கார்த்திகையில் குருவிகுளம் பக்கத்துக் குழு ஒன்றின் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். சேமிப்பு, தவணை எல்லாம் வசூலாகி, தீர்மான நோட்டில் கையெழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு அக்கா மெதுவாகச் சொன்னார்: "தவணையை நான் ஒழுங்காக் கட்டிருவேன். ஆனா எதுக்குக் கடன் வாங்குனேனோ அந்த மெஷினு பரண்ல கெடக்கு."

என்ன மெஷின் என்று கேட்டோம். அவர் வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டுகிறவர். விடியுமுன்னே பூ ஏற்றிக்கொண்டு சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குப் போகிறவர். ராத்திரி குறட்டை தெருவுக்கே கேட்கும். நடுநடுவே குறட்டை நின்று, மூச்சும் நின்று, பிறகு திணறிக்கொண்டு எழுவாராம். ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அயர்ந்துவிட்டார். நல்லவேளை, வண்டி ஓடையோரத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போய், தூக்கப் பரிசோதனை எடுத்து, சீபேப் என்ற மெஷினை வாங்கியிருக்கிறார்கள். குழுக் கடனும் கை நகையும் சேர்ந்து போயிருக்கின்றன.

இரண்டு மாதம் நன்றாகப் போட்டிருக்கிறார். மழை தொடங்கி ராத்திரி குளிர்ந்ததும் மாஸ்க்குக்குள் தண்ணி சொட்ட ஆரம்பித்தது. ஒரு நாள் நடுச்சாமத்தில் மூக்கில் தண்ணி ஏறி, பதறி எழுந்து, "என்னைக் கொல்லப் பாக்கியா?" என்று மெஷினைக் கழற்றி வைத்தவர்தான், பிறகு தொடவே இல்லை. மெஷின் கெட்டுப்போச்சு என்று இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். விற்றவர் போனை எடுக்கவில்லை. குறட்டை திரும்ப வந்துவிட்டது. பூ வண்டியும் விடியுமுன்னே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அன்றைக்கு எங்களுக்கும் பதில் தெரியவில்லை. பிறகு மருத்துவம் தெரிந்தவர்களிடம் கேட்டும், மெஷினோடு வரும் புத்தகத்தைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். ஊக்குநர்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் குழுவில் யார் வீட்டிலும் இந்த மெஷின் இல்லாமல் இருக்கலாம். குறட்டை இல்லாத தெரு இருக்காது.

முதலில் நோயைப் பார்ப்போம். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்கிறது. சிலருக்கு அது ரொம்பவே தளர்ந்து காற்றுப் பாதையை அடைத்துவிடும். பத்து விநாடி, அதற்கு மேலும் மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை பதறிப்போய் ஆளை லேசாக எழுப்பும், மூச்சு திரும்பும். இது ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவைக்கு மேல் நடந்தாலே நோய்க் கணக்கில் வரும். முப்பது, நாற்பது தடவை நடக்கிறவர்களும் உண்டு. காலையில் அது ஒன்றும் ஞாபகம் இருக்காது. தலைவலி இருக்கும், பகலெல்லாம் தூக்கம் வரும். பிரஷர் மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காது. 'ஸ்லீப் அப்னியா' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது ஆம்பளைங்க நோய் என்று பலர் நினைக்கிறார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் இது அதிகமாக வருகிறது. ஆனால் பெண்ணுக்கு வந்தால் குறட்டையை விட அசதி, தூக்கமின்மை, காலைத் தலைவலி என்றுதான் பெரும்பாலும் தெரியும். 'வேலை ஜாஸ்தி, அதான்' என்று நாமே அதை மூடிவிடுவோம். பொம்பள குறட்டை விடுகிறாள் என்று வெளியே சொல்ல வெட்கம் வேறு. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வரும் தன்னார்வலர்கள் பலரும் நம்மைப் போன்ற குழுக்களில் இருந்து வந்தவர்கள்தானே. அவர்களிடமாவது கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சீபேப் மெஷினில் மருந்தும் கிடையாது, ஆக்சிஜன் சிலிண்டரும் கிடையாது. அறையில் இருக்கும் காற்றையே மோட்டார் இழுத்து, குழாய் வழியாக மாஸ்க்குக்குள் ஓர் அழுத்தத்தோடு அனுப்பும். அந்தக் காற்று தொண்டை மூடாதபடி முட்டுக்கொடுத்து நிற்கும். 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இந்த வைத்தியத்தை வெளியிட்டார். தூசி உறிஞ்சும் வாக்குவம் கிளீனரின் மோட்டாரைத் திருப்பிப் போட்டுத்தான் முதலில் செய்து பார்த்தாராம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். போடுகிற ராத்திரி மட்டும்தான் இது வேலை செய்யும். நோயை அடியோடு எடுக்காது. கழற்றி வைத்தால் மூச்சு பழையபடி நிற்கும். வண்டி ஓட்டுகிறவர், தீப்பெட்டி ஆபீசிலும் தறியிலும் மெஷின் முன்னால் நிற்கிறவர் இதை அலட்சியமாக விடவே கூடாது.

சரி, தண்ணி எங்கிருந்து வருகிறது? இரவு முழுக்கக் காற்று அடித்தால் மூக்கும் தொண்டையும் காய்ந்துபோகும். அதனால் மெஷினில் ஒரு சின்னத் தண்ணித் தொட்டி வைத்து, அடியில் லேசாகச் சூடு கொடுக்கிறார்கள். காற்று ஈரத்தை எடுத்துக்கொண்டு கதகதப்பாகக் கிளம்பும். சூடான காற்று ஈரத்தை அதிகம் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. குழாயோ ஆறடி நீளம். அறை குளிர்ந்திருந்தால் குழாயும் குளிர்ந்துவிடும். உள்ளே போகும் ஈரக் காற்று அங்கேயே துளித்துளியாகத் தண்ணியாகிவிடும். இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்தால் மேல் தட்டு இட்லியில் தண்ணி சொட்டுகிறதே, அதே கதைதான். நாம் விடும் மூச்சில் உள்ள ஈரமும் மாஸ்க்கின் உள்பக்கத்தில் முத்துமுத்தாகப் படியும். ஆக, தண்ணி வந்தால் மெஷின் கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை. ஈரமும் குளிரும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

அந்த அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது பாதி விஷயம் கண்ணாலேயே தெரிந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் தொடக்கூடாது என்று மெஷினைச் சுவர் அலமாரியில், கட்டிலை விட இரண்டடி உயரத்தில் வைத்திருந்தார்களாம். குழாய் மேலிருந்து நேராக முகத்துக்கு இறங்குகிறது. குழாயில் சேர்ந்த தண்ணி வேறெங்கே போகும்? தலைக்கு நேர் மேலே சீலிங் ஃபேன் வேறு.

மெஷின் எப்போதும் தலையை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். கட்டில் பக்கத்தில் ஒரு குட்டி முக்காலி போதும். அப்போது தண்ணி சேர்ந்தாலும் திரும்பித் தொட்டிக்கே வடியும். குழாய் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கக் கூடாது. தொங்கினால் அந்தப் பள்ளத்தில் தண்ணி தேங்கி 'களக் களக்'கென்று சத்தம் வரும், காற்றும் விட்டுவிட்டு வரும். பாயில் படுக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் சிரமம்தான். மெஷினை வெறும் தரையில் வைத்தால் தூசியும் எறும்பும் ஏறும். ஒரு தட்டையான பலகை மேல் வைத்து, படுக்கிறவர் தலைமாட்டை மெத்தை, தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். அவர்களுக்கு அடுத்துச் சொல்லப்போகும் ஈர அளவுதான் முக்கியம்.

மெஷினில் இரண்டு விதமான எண்கள் இருக்கின்றன. ஒன்று காற்றின் அழுத்தம். அது டாக்டர் வைத்துக் கொடுத்தது, அதைத் தொடவே கூடாது. இன்னொன்று ஈரப்பதம். இதை நாமே கூட்டிக் குறைக்கலாம். தண்ணி சொட்டினால் ஈரத்தை ஓர் எண் மட்டும் குறைத்து, இரண்டு மூன்று ராத்திரி பாருங்கள். நிற்கவில்லையென்றால் இன்னொரு எண். காலையில் மூக்கு எரிந்தாலோ, தொண்டை காய்ந்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ குறைத்தது அதிகம், ஓர் எண் ஏற்றுங்கள். நம்ம கரிசல் காட்டில் வருஷம் முழுக்க ஒரே எண் சரிப்படாது. சித்திரையில் காற்று காய்ந்து கிடக்கும், அறையும் சூடாக இருக்கும். அப்போது ஈரம் கூட வைத்தாலும் சொட்டாது. ஐப்பசியிலிருந்து தை வரை மழையும் பனியுமாக இருக்கும்போது அதே எண் குழாயை நனைத்துவிடும். அந்த அண்ணனுக்கு நடந்தது இதுதான். புரட்டாசியில் வைத்த எண் கார்த்திகையிலும் அப்படியே இருந்திருக்கிறது.

ஃபேன் காற்றும் கூலர் காற்றும் குழாய் மேல் நேராகப் படக் கூடாது. குழாய்க்கு உறை போடுவது நல்ல பலன் தரும். பழைய கம்பளியையோ தடிமனான டர்க்கி டவலையோ ஆறடி நீளத்துக்குப் பை மாதிரி தைத்து மாட்டினால் குழாய் குளிராது. தையல் தெரிந்த நம் உறுப்பினர்களுக்கு அரை மணி நேர வேலை. தானே சூடாகும் குழாயும் விற்கிறார்கள். எல்லா மெஷினுக்கும் அது பொருந்தாது, விலையும் கூட. அந்தக் குழாய் உள்ளவர்கள் உறை போட வேண்டாம்.

உறை குழாயோடு நிற்க வேண்டும், மாஸ்க் மேல் ஏறக் கூடாது. மாஸ்க்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். 'உஸ்' என்று காற்று வருகிறது, ஈரம் அங்கிருந்துதான் தெறிக்கிறது என்று சிலர் பிளாஸ்டரோ பஞ்சோ வைத்து அடைத்துவிடுகிறார்கள். நாம் விடும் கெட்ட காற்று வெளியே போகும் வழியே அதுதான். அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவரும், அது ஆபத்து. ஓரம் வழியாகக் காற்று கசிந்தால் மட்டும் வாரைச் சரி செய்யுங்கள். வடு விழும்படி இறுக்க வேண்டாம்.

தொட்டியில் ஊற்றும் தண்ணிக்கு வருவோம். நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு. குடத்தில் படிகிற வெள்ளைப் பூச்சு தொட்டியிலும் படியும். மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த தண்ணி, அதாவது டிஸ்டில்டு வாட்டர், நல்லது. பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணி வேண்டாம். அவசரத்துக்கு ஒன்றிரண்டு நாள் கொதித்து ஆறிய தண்ணி ஊற்றலாம். கொதித்தால் கிருமி சாகும், உப்பு போகாது. கோட்டைத் தாண்டி ஊற்றினால் அதுவும் குழாயில் ஏறும். சளி பிடித்திருக்கிறது என்று யூகலிப்டஸ் தைலம், விக்ஸ் எதையும் தொட்டியில் விடாதீர்கள். ஆவி பிடிக்கிற சட்டி இல்லை இது. அந்த எண்ணெய் ராத்திரி முழுக்க நுரையீரலுக்குள் போகும், பிளாஸ்டிக்கும் கெடும். கொசுவர்த்தியும் அப்படித்தான். மெஷின் இழுப்பது அறைக் காற்றை, புகை நேராக மூக்குக்குப் போகும். கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

காலையில் எழுந்ததும் மீதித் தண்ணியைக் கொட்டிவிட வேண்டும். நேற்றைய தண்ணி மேல் புதுத் தண்ணி ஊற்றக் கூடாது. தேங்கிய ஈரத்தில் வழவழப்பு பிடிக்கும், அதை மூச்சில் இழுக்கிறவர் நம்ம வீட்டு ஆள். மாஸ்க்கில் முகத்தில் படும் பகுதியைத் தினமும், குழாயையும் தொட்டியையும் வாரம் ஒரு தடவை, வாசனை அதிகமில்லாத சோப்பும் வெதுவெதுப்பான தண்ணியும் போட்டுக் கழுவுங்கள். டெட்டால், பிளீச்சிங் வேண்டாம். கொடியில் போட்டு நிழலில் உலர்த்துங்கள், வெயில் ரப்பரை வெடிக்க வைக்கும். மழை நாளில் குழாய் காயவில்லையென்றால் தண்ணித் தொட்டியின் சூட்டை நிறுத்திவிட்டு, சில நிமிஷம் வெறும் காற்றை ஓடவிட்டால் உலர்ந்துவிடும்.

விலை குறைவு என்று பழைய மெஷின் வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் சீபேப் மாடல்கள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. சத்தம் கேட்காமலிருக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சில் போகலாம் என்பது காரணம். சூடும் ஈரமும் அதிகமானால் அது சீக்கிரம் உதிரும் என்றும் சொன்னார்கள். மாடல் பெயரைப் பார்க்காமல் பழையதை வாங்காதீர்கள். இன்னொருவர் போட்ட மாஸ்க்கும் குழாயும் வேண்டவே வேண்டாம்.

ராத்திரி நடுவில் தண்ணி சொட்டி எழுந்தால் பதற வேண்டாம். மெஷினை நிறுத்தி, மாஸ்க்கைக் கழற்றி, குழாயைப் பிரித்து உதறி, துணியால் துடைத்துத் திரும்ப மாட்டினால் போதும். கரண்டு போனால் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அந்த நேரம் தண்ணிச் சூட்டை நிறுத்திவிடலாம். பேட்டரியை அதிகம் தின்பது அந்தச் சூடுதான்.

இவ்வளவும் செய்தும் பகல் தூக்கம் திரும்பி வந்தாலோ, காது வலி, விடாத மூக்கடைப்பு, காய்ச்சல் இருந்தாலோ டாக்டரிடம்தான் போக வேண்டும்.

அந்த அக்கா வீட்டில் மெஷின் இப்போது கட்டில் பக்கத்து முக்காலியில் இருக்கிறது. பழைய கம்பளியில் உறை தைத்தாகிவிட்டது, ஈரம் இரண்டு எண் குறைந்திருக்கிறது. "இன்னும் நாலு மணி நேரந்தான் போடுதாரு, பொறவு கழத்திருதாரு" என்றார். அந்த நாலை ஆறாக்க என்ன வழி என்று அடுத்த முறை டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறோம். மெஷினையும் கையோடு எடுத்துப் போகச் சொன்னோம். எத்தனை மணி நேரம் போட்டார், எத்தனை தடவை மூச்சு நின்றது என்ற கணக்கு அதற்குள்ளேயே இருக்கும். பஸ்ஸில் கொண்டுபோகும் முன் தொட்டியைக் கழற்றித் தண்ணியைக் கொட்டிவிட வேண்டும். சாய்ந்தால் தண்ணி மோட்டாருக்குள் போய்விடும், அப்போதுதான் மெஷின் நிஜமாகவே கெடும்.