துண்டு மரமும் காசாகும்

அந்தமான் படாக் மரம் சிவப்பு நிறம் கொண்டது. மிகவும் உறுதியானது. கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் இதில் செய்கிறார்கள். மரம் அறுக்க, சாத்தம் தீவில் 1883-ஆம் ஆண்டிலேயே அரசு ஆலை ஏற்பட்டது. போர்ட் பிளேர் நகரை ஒட்டியுள்ளது இத்தீவு. 2024-இல் அந்த நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாறியது.

முன்பு காட்டில் ஏராளமாக மரம் வெட்டினார்கள். 2002-இல் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. காடு பிழைக்க வேண்டும் அல்லவா? ஆகவே தச்சருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு துண்டும் அருமையானது.

கட்டில் செய்தபின் சிறு துண்டுகள் மிஞ்சும். அவற்றை அடுப்பில் வைக்கலாமா? வேண்டாம். பூரிக்கட்டை, பம்பரம், செப்புச் சாமான் கடையலாம். அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புகளைக் கடைந்துதான் செய்கிறார்கள்.

கடைவதற்கு எந்திரம் வேண்டும். மோட்டார் எந்திரம் வாங்கப் பணம் வேண்டும். ஓட்ட மின்சாரம் வேண்டும். இரண்டும் இல்லாத தச்சர் என்ன செய்வார்? எந்திரத்தையே சொந்தமாகச் செய்துகொள்ளலாம்.

செய்யும் முறை

1. 4 அடி நீளமுள்ள இரண்டு கனமான சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். நடுவே 2 அங்குலம் இடைவெளி வேண்டும். ஆடாத கால்களில் இவற்றைப் பொருத்த வேண்டும்.

2. இடைவெளியில் இரண்டு கட்டைகளை நிறுத்தி, அடியில் ஆப்பு அடிக்க வேண்டும். ஆப்பைத் தளர்த்தினால் கட்டை நகரும்.

3. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு கூரிய இரும்பு முனை வேண்டும். இரண்டும் நேருக்கு நேர், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். முழங்கை உயரம் வசதியானது. கடைய வேண்டிய துண்டு இந்த முனைகளுக்கு நடுவே நிற்கும்.

4. உளியைத் தாங்க, துண்டுக்கு முன்னால் ஒரு பலகை வேண்டும்.

5. நீண்ட மூங்கிலின் அடியை உறுதியாகக் கட்ட வேண்டும். நுனி எந்திரத்துக்கு மேலே வர வேண்டும். நுனியில் கட்டிய கயிற்றைத் துண்டின் மேல் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு தச்சர் நிற்கும் பக்கமாக இறக்கி, கால்மிதியில் கட்ட வேண்டும்.

ஓடும் முறை

மிதியை அழுத்தினால் மரம் தச்சரை நோக்கிச் சுழலும். அப்போது உளி சீவும். காலை எடுத்தால் மூங்கில் நிமிரும். மரம் எதிர்ப்பக்கம் சுழலும். அப்போது உளியைச் சற்று விலக்க வேண்டும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் மின்சாரச் செலவு இல்லை. எது பழுதானாலும் தச்சரே சரி செய்யலாம். இங்கிலாந்தில் நாற்காலிக் கால் கடைந்தவர்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் இத்தகைய எந்திரத்தை வைத்திருந்தார்கள்.

கவனம் தேவை

வெடித்த துண்டைக் கடையக் கூடாது. தொங்கும் துணி கயிற்றில் சிக்கும். படாக் தூள் சிலருக்குத் தும்மலும் அரிப்பும் தரும். மூக்கைத் துணியால் மூடிக்கொள்வது நல்லது. மரம் வாங்கிய ரசீதைப் படித்துப் பார்த்து, பத்திரமாக வைக்க வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

1. காலை எடுத்ததும் மரம் எதிர்ப்பக்கம் சுழல்வது ஏன்?
2. நம் ஊரில் வீணாகும் மரத்துண்டில் என்னென்ன செய்யலாம்?