தொழிற்சாலைக் காற்றும் இதய நோயும்

மாரடைப்பு கண்டவரிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகள் நமக்கெல்லாம் மனப்பாடம். புகை பிடிப்பீர்களா? இனிப்பு நீர் உண்டா? தந்தையாருக்கு இருந்ததா? “இத்தனை ஆண்டுகளாக எந்த ஆலையில், எந்தப் பிரிவில் வேலை பார்த்தீர்கள்?” என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. நாமும் சொல்வதில்லை. அக்கேள்வி ஏன் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்க விரும்புகிறேன்.

செயற்கைப் பட்டு எனப்படும் ரேயான் துணியை அறியாதவர் இல்லை. அது மரக்கூழிலிருந்து பிறப்பது. மரக்கூழைக் காரத்தில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு என்னும் திரவத்துடன் சேர்த்துக் கரைத்தால் தேன் போன்ற குழம்பு கிடைக்கும். அதை நுண்துளைகளின் வழியே அமிலத் தொட்டிக்குள் செலுத்தினால் இழையாகிவிடும். அவ்வேளையில் கார்பன் டைசல்பைடு ஆவியாக வெளியேறுகிறது. நூற்புக்கூடத்தில் நிற்பவர் அதைத்தான் சுவாசிக்கிறார்.

இவ்வாவி பொல்லாதது என்பது புதுச் செய்தியன்று. மலாயாவில் ரப்பர் மரம் நடப்படுவதற்கு முன்பே, 1856-இல், ரப்பர்ப் பொருள்கள் செய்த பிரெஞ்சுத் தொழிலாளர்களிடம் இதன் தீங்குகளை டெல்பெக் என்ற மருத்துவர் எடுத்துக் காட்டினார். ஆனால் அன்று கண்ணுக்குப் பட்டவை தலைவலி, நரம்புத் தளர்ச்சி, மனக்குழப்பம் ஆகியவையே. இதயத்தின் கதை தெளிவாக மேலும் நூறாண்டு பிடித்தது. நஞ்சு உடனே வீழ்த்தினால் ஆலையைக் குறை சொல்வோம். இருபது ஆண்டு கழித்து மாரடைப்பாக வந்தால் தலைவிதி என்று விட்டுவிடுவோம் அல்லவா?

1967-இல் பின்லாந்து ஆய்வாளர்கள், ரேயான் ஆலையில் குறைந்தது ஐந்தாண்டு வேலை செய்த 343 ஆண்களையும், அவர்களுக்கு ஒத்த வயதுடைய காகித ஆலைத் தொழிலாளர் 343 பேரையும் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து கவனித்து வந்தனர். ஐந்தாண்டுகளில் இதயத் தமனி நோயால் இறந்தவர்கள் காகித ஆலைக் குழுவில் 3 பேர். ரேயான் குழுவில் 14 பேர். இருவகையினரும் ஆலை உழைப்பாளிகளே. வேறுபாடு அவர்கள் சுவாசித்த காற்றில் இருந்தது. இந்த ஆவி நாளடைவில் இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. வலி ஒன்றும் தெரியாது.

அதன்பின் நடந்ததே எனக்கு மிகவும் ஆறுதல் அளித்தது. பத்து இலட்சம் பங்கு காற்றில் 20 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த வரம்பு 1972-இல் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இதய நோய்க்கு ஆளாகக் கூடியவர்கள் அப்பணியிலிருந்து மாற்றப்பட்டனர். பின்வந்த ஆண்டுகளில் இரு குழுக்களின் இதய நோய் மரணங்களும் ஏறத்தாழச் சமமாயின.

ஈயம், கரிப்புகை, ஓயாத இரைச்சல், இரவு மாற்றுவேலை ஆகியவையும் இதயத்துக்குக் கேடு செய்யும். தென்கொரியாவில் வொன்ஜின் ரேயான் ஆலை 1993-இல் மூடப்பட்டது. ஆலை மூடிய பின்னும், அங்கு உழைத்தவர்களிடையே புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர். ஆகவே, ஓய்வு பெற்றவர்களும் அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, மருந்துச் சீட்டோடு ஒரு தாளில் ஆலையின் பெயர், பிரிவு, கையாண்ட இரசாயனம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பனவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.